சந்தனம் வைத்த சாவி

புது லேப்டாப் மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னது: சாவியைக் காணோம்.

காணோமாமே! சாவி அதன் விலாவிலேயே செருகி இருக்கிறது. ஆஷா தன் கையால் செருகியது. கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு டாங்கிள். அதைச் செருகினால்தான் துணி வெட்டும் வடிவங்களை வரைகிற பேட்டர்ன் சாஃப்ட்வேர் திறக்கும், இல்லாவிட்டால் முகப்புப் படத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால்தான் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிற அந்தப் பனியன் கம்பெனியில் அதற்குச் சாவி என்றே பெயர். ஒழுங்காகச் செருகியதும் அதன் நுனியில் கடுகளவு சிவப்பு விளக்கு எரியும். பதினோரு வருடமாக எரிந்த விளக்கு இன்றைக்கு எரியவில்லை.

ஏன் எரியவில்லை என்று ஆஷாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லாம் அந்தச் சந்தனம்.

முந்தாநாள் ஆயுத பூஜை. தையல் மெஷின்களைத் துடைத்து, கட்டிங் டேபிளைக் கழுவி, அயர்ன் பாக்ஸ் முதல் டெலிவரி வண்டி வரைக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தார்கள். ஆஷா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவள்; கழுத்துச் சங்கிலியில் மாதா படம் தொங்கும். ஆனாலும் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணம் அவள் கையில்தான் இருக்கும். அவள் கை நடுங்காது, பொட்டு வட்டமாக விழும், அவ்வளவுதான் காரணம். நூற்று முப்பது மெஷினுக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் கிண்ணத்தோடு தன் பேட்டர்ன் அறைக்கு வந்தாள். பேட்டர்னை அச்சடிக்கிற பிளாட்டருக்கு மூன்று பொட்டு, பழைய லேப்டாப்பின் மூடிமேல் ஒன்று. அப்புறம் சாவி கண்ணில் பட்டது. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கம்பெனியில் முதல் ஆயுதமே இதுதானே என்று தோன்றிவிட்டது. தோன்றியதோடு நின்றிருக்கலாம். உருவி எடுத்து, உள்ளங்கையில் கிடத்தி, தாராளமாக ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள்.

சந்தனம் அன்றைக்கு வழக்கத்தைவிடத் தண்ணியாக இருந்தது. பொட்டு நிற்காமல் வழிந்து, சாவியின் தகர வாய்க்குள் இறங்கியதைக் கண்ணாலேயே பார்த்தாள். பதறிப்போய்த் துப்பட்டாவால் துடைத்தாள். வெளியே துடைத்தாயிற்று. உள்ளே போனதற்கு என்ன செய்வது? சாமி கும்பிட எல்லோரும் கூப்பிட்டார்கள். சாவியைப் பழையபடி அதன் டப்பாவில் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பூஜையில்தான் முதலாளி மகுடேஸ்வரன் இந்தப் புது லேப்டாப்பைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். நோட்டுப் புத்தகம் போல அத்தனை மெல்லிசு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க நிற்குமாம். பழையது சூடேறினால் மின்விசிறிச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். அதை அப்போதே, எல்லோர் முன்னாலும், ராத்திரி வாட்ச்மேன் தங்கவேலுவின் மகளுக்குப் படிக்க உதவட்டும் என்று கொடுத்துவிட்டார். கை தட்டினார்கள், பொரிகடலை வாங்கிக்கொண்டார்கள், விஜயதசமிக்கு லீவு விட்டார்கள்.

இன்று காலை எட்டரைக்கே வந்து ஆஷா சாஃப்ட்வேரையும் நகல் எடுத்து வைத்திருந்த பேட்டர்ன்களையும் புது லேப்டாப்பில் ஏற்றினாள். நடுவில் இங்கிலீஷில் என்னவோ ஒரு கட்டம் வந்தது. எல்லோரும் செய்வதுபோலப் படிக்காமலே ஓகே கொடுத்தாள். ஏறிவிட்டது, படமும் வந்தது. அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து.

இன்னொரு சாவி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஆஷாவின் பயம் புரியாது. அந்தச் சாஃப்ட்வேரின் இந்தப் பதிப்பையே அதைச் செய்த கம்பெனி நிறுத்தி ரொம்ப நாளாகிறது. இந்த மாதிரிச் சாவியும் அத்தோடு நின்றுபோனது. பதினோரு வருடத்துப் பேட்டர்ன்கள், குழந்தை ரோம்பர் உடுப்பிலிருந்து ஆண்கள் டி-ஷர்ட் வரைக்கும், ஒவ்வொரு அளவும் கழுத்து வளைவும், இந்த ஒரு சாவிக்குப் பின்னால்தான் பூட்டிக் கிடக்கின்றன. சாத்தூரிலிருந்து பிசிறு வெட்டுகிற வேலைக்கு வந்தவளை மகுடேஸ்வரன் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள அனுப்பினார். திரும்பி வந்த அன்று, "இது உன்ற பொறுப்பு அம்மணி" என்று அவள் கையில் கொடுத்தது இந்தச் சாவியைத்தான். அதற்கப்புறம் வேறு யாரும் அதைத் தொட்டதுகூடக் கிடையாது. அப்படிப்பட்டதைப் போய்ச் சந்தனத்தில் குளிப்பாட்டியிருக்கிறாள்!

"என்ன தாயி, மார்க்கர் வருமா வராதா?"

வாசலில் கட்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமி நின்றார். அருப்புக்கோட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். மார்க்கர் என்பது ஆஷா கம்ப்யூட்டரில் அடுக்கி பிளாட்டரில் அச்சடித்துக் கொடுக்கிற நீளக் காகிதம். எந்தத் துண்டை எங்கே வெட்டவேண்டும் என்று அதில்தான் கோடு இருக்கும். அது வராமல் கத்தி ஓடாது.

"பத்து நிமிசம்ண்ணே," என்றாள் ஆஷா.

"முந்தாநாளே துணியப் பிரிச்சு ஆறப்போட்டாச்சு. இன்னிக்கு அடுக்கடுக்கா லே விரிச்சு முடிச்சாச்சு. ஆளுக கையக் கட்டிக்கிட்டு நிக்காக." சொல்லிக்கொண்டே அவர் மேஜையை எட்டிப் பார்த்தார். "சாவில லைட்டு எரியலையே?"

"எரியும்ண்ணே."

வழக்கமாக இன்னும் நாலு வார்த்தை சத்தம் போடுகிற பொன்னுச்சாமி, இஞ்சு டேப்பைச் சுருட்டியபடி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று ஆஷா நினைத்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு சிகிச்சையை ஆரம்பித்தாள். முதலில் பல் தேய்க்கும் பிரஷ். தகர வாய்க்குள் நுழைத்துச் சுரண்டினால் மஞ்சளாகத் தூள் வந்தது. அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்து அயர்ன் டேபிளின் சூட்டில் ஒரு துணியை வைத்து, அதன்மேல் சாவியை வைத்து உலர்த்தினாள். செருகினாள். எரியவில்லை. இந்தப் பக்கத் துளை, அந்தப் பக்கத் துளை, அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு... வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ம்ஹும்.

டெலிவரி வண்டி ஓட்டுகிற முனீஸ் டீ கொண்டுவந்து வைத்தான். சிவகாசிக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய் சும்மா இருக்காது. ஆனால் அவனும் இன்றைக்கு என்னவோ மெதுவாகத்தான் பேசினான்.

"ஈரமாச்சாக்கா அது? போன் தண்ணில விழுந்தா அரிசில போட்டு வைப்பாகல்ல, அப்படிப் போட்டுப் பாருங்களேன்."

"கம்பெனியில அரிசிக்கு எங்க போவேன்?"

"அரிசிதான் இல்லையே. பொரி ஒரு மூட்டை மிச்சம் கிடக்கே."

கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான். நல்ல மூளைக்காரி, துண்டுகளை நெருக்கி அடுக்குகிற நெஸ்டிங்கில் ஒரு அங்குலத் துணியைக்கூட வீணாக்காதவள், அந்தச் சாவியை ஆயுத பூஜைப் பொரிக்குள் புதைத்து வைத்துவிட்டு இருபது நிமிடம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் யாரோ ஒரு ஹெல்பர் வந்து பொரியில் கைவிடப் போக, அவன் கையில் ஒரு அடி வைத்தாள்.

அப்போதுதான் மகுடேஸ்வரன் உள்ளே வந்தார்.

"ஏனம்மணி, பொரிக்குக் காவலா?"

ஆஷா எழுந்து நின்றாள். "சாவி எடுக்கமாட்டேங்குதுங்க சார்."

அவர் பொரிப் பையைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். சாஃப்ட்வேர் விற்ற கோயம்புத்தூர் ஆபீசுக்கு போன் போட்டார். பண்டிகை லீவு, விவரத்தைச் சொல்லி வைத்தால் திருப்பிக் கூப்பிடுகிறோம் என்று பதிவு செய்த குரல் பேசியது. விவரத்தைச் சொல்லி வைத்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சாவி கெட்டுப்போச்சா, லேப்டாப்பு சரியில்லையான்னு தெரியோணும். பழசுல போட்டுப் பார்த்தா தெரிஞ்சிருமல்லோ. தங்கவேலண்ணன் போன எடுக்கறாரில்லை, காட்டு வேலையில இருப்பாராட்ட இருக்குது. வா, பொங்கலூருல அவரு ஊட்டுக்கே ஒரு எட்டுப் போயிட்டு வந்திரலாம். ரெண்டையும் எடுத்துக்கோ."

முனீஸ் காரை எடுத்தான். முன் சீட்டில் முதலாளி, பின் சீட்டில் மடியில் லேப்டாப்போடு ஆஷா. சாவி அவள் உள்ளங்கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. டவுன் நெரிசலைத் தாண்டித் தாராபுரம் ரோட்டில் ஏறினார்கள். பழைய லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்ததும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். 'என்ன பண்ணுனே?' என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும்ங்க."

"சொல்லம்மணி."

"சாவி கெட்டுப்போனது என்னாலதான் சார். பூஜையன்னிக்கு அதுக்கும் சந்தனம் வச்சுட்டேன். உள்ள இறங்கிருச்சு. பார்த்தேன், துடைச்சேன், ஆனா யாருட்டயும் சொல்லலை. காலையில இருந்து தெரியாத மாதிரி நடிச்சுட்டு இருக்கேன்."

சொல்லி முடித்துவிட்டாள். முனீஸ் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று ரோட்டைப் பார்த்தான். மகுடேஸ்வரன் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மடித்தார், மறுபடி துடைத்தார். அவிநாசிபாளையத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மனுஷனுக்கு எவ்வளவு கோபம் இருந்தால் இப்படி மௌனமாக இருப்பார் என்று ஆஷா நினைத்தாள். சொல்லிவிட்டதில் பாதி பாரம் இறங்கியது உண்மைதான். பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தங்கவேலு வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். சோளத்தட்டு அறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார், இடுப்பில் அரிவாள் இருந்தது.

"வாங்க வாங்க! சொல்லியுட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே! ஊட்டுக்குள்ள வாங்க. கண்ணு கோமளா, யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு. மோரு கொண்டா."

கோமளா கல்லூரியில் இங்கிலீஷ் இரண்டாம் வருடம். விஷயத்தைக் கேட்டதும் மோரை வைத்துவிட்டு உள்ளே ஓடி லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மூடியில் ஆஷா வைத்த பொட்டு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது.

"அதுல சாஃப்ட்வேர் இன்னும் இருக்குதா கண்ணு? ஏதும் அழிச்சிட்டியா?" ஆஷாவுக்கே தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"இல்லீங்க்கா, அப்புடியே இருக்குது. சாயந்தரம் என்ற ஃப்ரெண்டு வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன்னா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

ஆஷா வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்தாள். பழைய மின்விசிறி கர்ரென்று கத்திக்கொண்டு எழுந்தது. எத்தனை நாள் அந்தச் சத்தத்தைத் திட்டியிருப்பாள்! சாவியை எடுத்தாள். பொரியின் உப்புத்தூள் ஒட்டியிருந்ததை ஊதினாள். செருகினாள்.

ஒன்றுமில்லை.

ஆஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் கோமளா, "சிவப்பா ஒண்ணு எரியுதுங்களே, அதுதானுங்களா?"

எரிந்தது. கடுகளவு சிவப்பு. சாஃப்ட்வேரைத் திறந்தாள், படம் வந்தது, போனது, பின்னாலேயே ரோம்பர் பேட்டர்ன் வந்து திரையில் விரிந்தது. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி.

"எரியுது சார்! உசிரோட இருக்கு சார்!" ஆஷா கத்திவிட்டாள். பக்கத்தில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா சொல்வார்கள். அவளுக்கு நிஜமாகவே கை கால்களில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டாள். மஞ்சள் கறை படிந்த அதே துப்பட்டா.

"அப்ப சந்தனம் ஒண்ணும் பண்ணலையா?" என்றான் முனீஸ். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால், சாவி அவனுடையதோ என்று தோன்றும். "அப்ப நானும் சொல்லிடறேன் சார். கடையில இருந்து புது லேப்டாப்ப எடுத்துட்டு வரும்போது வேகத்தடையில வண்டி தூக்கிப்போட்டு, பெட்டி சீட்டுலருந்து கீழ விழுந்துருச்சு. அதுலதான் துளை உடைஞ்சுபோச்சுன்னு காலையில இருந்து எனக்கு டீகூட இறங்கலை."

"அடப்பாவி! கமுக்கமா இருந்துட்டு என்னைய அந்தச் சாவியப் பொரில போடச் சொன்னியா?"

"உங்களத் திசை திருப்பலாம்னுதான்க்கா."

மகுடேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து, மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அப்போது அவர் போன் அடித்தது. கோயம்புத்தூர் ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆஷாவின் பக்கம் நீட்டினார்.

"மேடம், அந்தப் புது லேப்டாப்புல செட்டிங்ஸ் போயி, சிஸ்டம், அதுக்குள்ள அபவுட்னு பாருங்க. ப்ராசஸர் வகை என்னன்னு போட்டிருக்குதுங்க?"

ஆஷா பார்த்தாள். "ஏ ஆர் எம்-னு என்னமோ போட்டிருக்குங்க."

"அதானுங்க விசயம். உங்க சாவி நல்லாத்தான் இருக்குது. லேப்டாப்பும் நல்ல லேப்டாப்புதான். ஆனா அதுல மூளையா இருக்கற ப்ராசஸர் வேற வகைங்க. நம்ம சாஃப்ட்வேர் பழைய வகைக்கு எழுதினது. புதுசுல விண்டோஸே நடுவுல ஒக்காந்து மொழிபெயர்த்து ஓட்டிரும். அதனாலதான் படம் வர்ற வரைக்கும் வந்திருக்குது. ஆனா சாவிய அடையாளம் கண்டுபிடிக்கறதுக்குன்னு அடிமட்டத்துல டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்குதுங்க. அதுக்கு மொழிபெயர்ப்பு கெடையாது. அந்த ப்ராசஸருக்குன்னே தனியா எழுதியிருக்கோணும். உங்க பழைய சாவிக்கு அப்புடி ஒண்ணு வரவே இல்லைங்க. இன்ஸ்டால் பண்றப்ப ஒரு மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்துச்சுங்க," என்றாள் ஆஷா. "ஓகே குடுத்துட்டேன்."

"எல்லாரும் அதத்தான் பண்றாங்க மேடம்," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

ஆஷாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கம்பெனியில் பீகார்க்காரர்களுக்கு சூப்பர்வைசர் இந்தியில் சொல்லிச் சொல்லி வேலை வாங்கிவிடுவார். ஆனால் ராத்திரி கேட்டில் நிற்கிறவருக்கு இந்தி தெரியாவிட்டால், எத்தனை சொன்னாலும் ஆளை உள்ளே விடமாட்டார். அதை அப்படியே தங்கவேலுவிடம் சொன்னாள்.

"அப்ப அந்தப் புதுசுல வாட்ச்மேனுக்குப் பாஷை தெரியலைங்களா?" தங்கவேலு விழுந்து விழுந்து சிரித்தார். "நானாட்டவே இருக்கறானுங்களே!"

சிரிப்பு அடங்கியதும் ஒரு சங்கடம் வந்து நடுவில் உட்கார்ந்தது. எல்லோர் முன்னாலும் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கவேண்டும். மகுடேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார், வேலியைப் பார்த்தார், மறுபடி கனைத்தார். தங்கவேலுவுக்குப் புரிந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்க்காமலே, "எடுத்துக்கங்க, கம்பெனி வேலை நிக்கக் கூடாதுங்க," என்றார். கோமளா சார்ஜர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு நாள்தான் அவளிடம் இருந்தது. அதற்குள் கீபோர்டு தூசியெல்லாம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள்.

ஆஷாதான் போனை மறுபடி வாங்கினாள். லைன் இன்னும் இருந்தது.

"ஏங்க, ஒரே ஒரு சந்தேகம். காலேஜ் புள்ளைக்கு, இங்கிலீஷ் படிக்கறவளுக்கு, இந்தப் புது லேப்டாப்பு சரிப்படுமா? டைப் அடிக்கறது, நெட் பாக்கறது, வீடியோ கிளாஸ், இந்த மாதிரிக்கு?"

"அருமையா ஓடுமுங்க. அதுக்கெல்லாம் புது ப்ராசஸருக்குன்னே எழுதினது வந்திருச்சு. சார்ஜும் நெறைய நேரம் நிக்கும்."

ஆஷா முதலாளியைப் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது எனக்குத் தோணலை பாரு! கோமளா, அந்தப் பழசக் குடுத்துட்டு இதப் புடி சாமி. கொடுத்ததத் திருப்பி வாங்குனேன்னு இருக்க வேண்டாம், மாத்திக்கிட்டோம்னு இருக்கட்டும்."

கோமளா அந்த மெல்லிசான லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். நன்றி சொல்லவேண்டும் என்பதே மறந்துபோய் அப்படியே நின்றாள். தங்கவேலுதான், "சொல்லு கண்ணு, சொல்லு," என்று அவள் தோளைத் தட்டினார்.

பன்னிரண்டரைக்கெல்லாம் நெருப்பெரிச்சல் வந்து சேர்ந்தார்கள். ஆஷா பொட்டு வைத்த லேப்டாப்பைப் பழைய இடத்தில் வைத்து, சாவியைச் செருகி, துண்டுகளை அடுக்கி முடித்து அனுப்பினாள். பிளாட்டர் கடகடவென்று காகிதத்தைக் கக்க ஆரம்பித்தது. பொன்னுச்சாமி வந்து காகிதத்தின் முதல் மீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டார். நேராக அவளிடம் வந்தார்.

"தாயி, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பூஜையன்னிக்குச் சந்தனம் கட்டியா இருந்துச்சு. நூத்தி முப்பது மெஷினுக்குப் பத்தாதேன்னு நாந்தேன் ஒரு சொம்பு பன்னீர ஊத்திக் கலக்கினேன். நீ சாவிக்குப் பொட்டு வச்சதக் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். காலையில லைட்டு எரியலைன்னதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. உன்னயக் காட்டிக் குடுக்கவும் மனசு வரலை, என்னயச் சொல்லவும் வாய் வரலை."

ஆஷா அவரையே பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. சாவி நன்றாக இருக்கிறது, லேப்டாப் நன்றாக இருக்கிறது. நடுவில் மூன்று பேர் காலையிலிருந்து ஆளுக்கொரு குற்றத்தைச் சுமந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்திருக்கிறார்கள். "மூணு பேரு, மூணு குத்தம்ண்ணே!" என்றாள்.

"மூணு இல்லம்மணி, நாலு," என்றார் மகுடேஸ்வரன் வாசலில் இருந்து.

இருவரும் திரும்பினார்கள்.

"கடைக்காரன் கேட்டான். 'உங்க சாஃப்ட்வேர் எதுன்னு சொல்லுங்க சார், இந்த மாடல்ல ஓடுமான்னு பார்த்துட்டுக் குடுக்கறேன்'னான். ஆஷாகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கோணும். நான் பெரிய இவனாட்ட, 'எல்லாம் விண்டோஸ்தானே, ஓடாம எங்க போயிருது, கட்டி வையப்பா, முனீஸ் வந்து எடுத்துக்குவான்'னு பணத்தக் குடுத்துட்டு வந்துட்டேன். கார்ல நீ சந்தனத்தப் பத்திச் சொன்னப்ப நான் வாயத் தொறக்காம வந்தேனே, கோவம்னு நெனச்சுக்கிட்டியா? கோவமில்லம்மணி. அந்தக் கடைக்காரன் கேட்டது அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு. சொல்றதுக்கு எனக்குத் தைரியம் இல்லை."

பிளாட்டர் நின்றது. பொன்னுச்சாமி காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஆஷா சாவியை உருவி, டிராயரில் இருந்த டப்பாவில் போட்டு முதலாளியிடம் நீட்டினாள். "சார், இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க. நான் சந்தனம் வச்சது வச்சதுதானே. நல்லவேளை தப்பிச்சோம்."

மகுடேஸ்வரன் டப்பாவை வாங்கவில்லை. அவள் கையிலேயே வைத்து மூடினார்.

"நாங்க மூணு பேரும் லைட்டு எரிஞ்சதுக்கப்புறம் சொன்னோம். எரியறதுக்கு முன்னால சொன்னது நீ ஒருத்திதான். சாவி உன்ற கையிலயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் கட்டிங் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே கத்தி ஓடுகிற சத்தம் கேட்டது. ஆஷா துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை மறுபடி செருகி, அடுத்த அளவுக்கான மார்க்கரைத் திறந்தாள்.